தில்ஷாத் ஆபா பார்த்துச் சொன்ன படம்

ஆம்பூரில் தில்ஷாத் வளர்ந்த வீட்டில் தொலைக்காட்சியை நடத்தியது அவள் அப்பாவின் இருமல்தான். சர்தார் பாஷா தோல் மண்டியில் உப்புத் தோலைப் புரட்டிப் புரட்டி நெஞ்சில் சேர்த்துக்கொண்ட இருமல் அது. ஆனால் எந்த இருமல் நெஞ்சிலிருந்து வருகிறது, எந்த இருமல் படத்தைப் பார்த்து வருகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திரையில் கதாநாயகன் கதாநாயகியை நெருங்குவான். அப்பா ஒருமுறை இருமுவார். அவர்கள் அம்மி என்று கூப்பிடும் அம்மா, தில்ஷாத், தம்பிகள் எல்லோரும் தலையைத் தாழ்த்திப் பாயைப் பார்ப்பார்கள். ஆபத்து நீங்கியதும் அப்பா இன்னொரு முறை இருமுவார். தலைகள் நிமிரும். ஒருநாள் முதல் இருமலோடு அவர் தூங்கிப்போய்விட்டார். படம் முடிந்து, செய்தி முடிந்து, வானிலையும் முடியும்வரை குடும்பமே குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தது.

இரண்டு இருமலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பார்த்தேன் என்று ஆகிவிடும்.

தில்ஷாத்துக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. கணவன் ரஷீத் அஹமது ராணிப்பேட்டையில் தோலுக்குச் சாயம் ஏற்றும் கம்பெனியில் இருக்கிறான், வாரம் ஒருமுறை வந்து போவான். மகள் மெஹக் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அம்மி இறந்தபிறகு அப்பா இவளோடு வந்து சேர்ந்தார். இருமலும் கூடவே வந்தது. இப்போது அது கேட்டால் மெஹக் தலை தாழ்த்துகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகப் படிந்துவிட்டது.

தில்ஷாத் பயந்த சுபாவம். காஸ் சிலிண்டரை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், எடுக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனது அவளுக்கே ஆச்சரியம்தான். தையல் லைனில் உட்காரும் பெண்களின் பிள்ளைகளுக்காகக் கம்பெனி ஒதுக்கிய அறை அது. பால் குடிக்கும் குழந்தைகளும் தவழும் குழந்தைகளும் எப்போதும் இருப்பார்கள். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து நிறைந்துவிடுவார்கள். சுவரில் ஒரு டிவி உண்டு.

அந்த டிவியால்தான் இவளுக்கு வேலையே கிடைத்தது. முன்பு அந்த வேலையில் இருந்த அம்மா ஒரு மத்தியானம் பிள்ளைகளுக்குப் பேய்ப் படம் போட்டுவிட்டாள். ஒரு சின்னப் பெண்ணுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். மறுநாள் அதன் தாய் கேட்டிலேயே நின்று சத்தம் போட்டாள். சாயங்காலமே அந்த அம்மாவைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். தில்ஷாத் வந்து உட்கார்ந்தது அந்த நாற்காலியில். அது இன்னும் சூடாக இருப்பதுபோல அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனாலும் அந்த நாற்காலியை விட அவளுக்கு மனம் வராது. வீட்டில் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. இங்கே அவள் சொல்லுக்கு ஓர் எடை இருந்தது. குழந்தைக்குச் சளி, மருந்து கொடுக்கலாமா, கஞ்சி கொடுக்கலாமா என்று லைனில் பேச்சு வந்தால், "ஆபா சொன்னாங்களா? அப்போ சரி," என்று முடிந்துவிடும். வேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் வரும் பெண்களும் அவளை ஆபா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அக்கா, அவள் மொழியில் ஆபா. பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மெஷினுக்குப் போவார்கள். அந்தத் திரும்பிப் பார்க்காத நடையைக் காப்பாற்றிக்கொள்வதுதான் தில்ஷாத்தின் கவலையெல்லாம்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எச்.ஆர். சமீருல்லா காப்பக வாசலில் வந்து நின்றான். கம்பெனி விஷயமென்றால் அவன் உருதுவை விட்டுத் தமிழுக்கு வந்துவிடுவான்.

"ஆபா, ஞாயித்துக்கிழமை ஃபேமிலி டே. கேன்டீன்ல பெரிய ஸ்க்ரீன் கட்டி படம் போடறோம். லைன்ல எல்லாரும் அந்த ஆட்டுக்குட்டிப் படம்தான் வேணுங்கறாங்க."

அந்தப் படத்தின் உண்மையான பெயரை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கும் கூச்சம். போஸ்டரில் கதாநாயகன் ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பான். அதனால் ஊரெல்லாம் அது ஆட்டுக்குட்டிப் படம்.

"அது பெரியவங்களுக்குன்னு போட்ருக்கே சார்," என்றாள் தில்ஷாத்.

"போட்ருக்கான். ஆனா எல்லா ஊட்லயும் போன்ல பாத்துட்டுதான இருக்குதுங்க. வயிறு குலுங்க சிரிப்புன்றாங்க. நான் பாக்கல. எனக்கு கம்பெனி ஆடிட் வேலையே சரியா இருக்கு. நீங்க ஒரு தடவ பாத்து சொல்லுங்க. புள்ளைங்க பாக்கலாம்னா போடலாம். வேணாம்னா வேற படம்."

"நானா சார்?"

"உங்கள விட்டா யாரு? நீங்க சொன்னா லைன்ல யாரும் வாய் தொறக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்கு இனித்தது. இனித்த கையோடு அந்த நாற்காலியின் சூடும் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பார்த்தாள். தாய்மார் வந்து பால் கொடுப்பதற்குத் திரைகட்டிய மூலை ஒன்று உண்டு. அதற்குள் உட்கார்ந்து, இயர்போனை ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டாள். மறு காது தொட்டில்களுக்கு. படம் கலகலப்பாகத்தான் ஆரம்பித்தது. வேலைவெட்டி இல்லாத நாலு தோஸ்துகள், ஒரு கல்யாணம், சீர்வரிசையில் வந்த ஆட்டுக்குட்டி. கழுத்தில் மணி கட்டிய அந்தக் குட்டி மாப்பிள்ளையின் அறைக்குள் நுழைந்தது. முதலிரவுக் கட்டில் தெரிந்தது.

தில்ஷாத்தின் தலை தானாகத் தாழ்ந்தது. கட்டைவிரல் தானாகத் திரையின் வலது ஓரத்தை இரண்டு முறை தட்டியது. படம் கொஞ்சம் தாவியது. நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் கட்டில்தான். மறுபடி தட்டினாள். தட்டும்போது தொண்டையிலிருந்து சின்னதாக ஓர் இருமல் வந்ததை அவளே கவனிக்கவில்லை. ஆடு தெருவில் ஓடும்போது நிமிர்ந்தாள். அப்புறம் ஒரு மருந்துக்கடை, ஒரு கிணற்றடி, ஒரு விடுதி. எங்கெல்லாம் சிரிப்பின் தொனி மாறியதோ அங்கெல்லாம் விரல் முந்திக்கொண்டது. மிச்சம் இருந்தது நல்ல கதை. ஆட்டைத் தேடி அலையும் கிழவர் கடைசியில் அதைக் கட்டிக்கொண்டு அழும்போது தில்ஷாத்தும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீ மணி அடிக்கும் முன்பே படம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் சமீருல்லா கேட்டான். "இன்னா ஆபா, போடலாமா?"

அங்கங்கே கொஞ்சம் ஒரு மாதிரி என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அவன் எங்கே என்று கேட்பான், எந்த மாதிரி என்று கேட்பான். ஓர் ஆண்பிள்ளையிடம் நின்று கட்டில் என்று சொல்ல வேண்டும். பார்த்தேன் என்று ஆகிவிடும். பார்க்காததை எப்படி இருக்கிறது என்று சொல்வது?

"நல்ல படம்தான் சார். கிழவர் அழற எடம் நல்லா இருக்குது."

"அது போதும்."

வெள்ளிக்கிழமை காலை லைன் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. ஆபா பார்த்துவிட்டார்கள், ஆபா சரி என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் மே மே என்று கத்திக்கொண்டு காப்பகத்தைச் சுற்றி ஓடின. தில்ஷாத்துக்கு என்னவோ போலிருந்தது. ஏன் என்று அவள் தோண்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள். எழிலரசி மகனை அழைத்துப்போக வந்தாள். கலவை ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவள், ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள், ஷூவின் மேல்தோல் தைப்பதில் கை வேகம். அவளுடைய மகன் பரணிதரனுக்கு எட்டு வயது, ஓர் இடத்தில் நில்லாத பிள்ளை. எழிலரசியோடு தங்கியிருக்கும் அவள் தங்கை பூங்குழலியும் முன்பு இதே லைனில் இருந்தாள். போன வருஷம் வேன் ஏறும் இடத்தில் சில பையன்கள் அவளைப் போனில் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பி, அடியில் என்னென்னவோ எழுதிவிட்டார்கள். எடுத்தவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூங்குழலியைத்தான் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அவள் வாசலுக்குக்கூட வருவதில்லை.

"ஏன் ஆபா," என்றாள் எழிலரசி, செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டரை மணி நேரப் படமாமே. எங்க மச்சான் சொன்னாரு. இதுங்க தூங்குற நேரத்துக்குள்ள எப்டி பாத்து முடிச்சீங்க? நீங்க தூங்கி எழுந்து சொல்லிட்டீங்களா இன்னா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தில்ஷாத்தும் சிரித்தாள். தாவித் தாவித் தான் விட்டது எவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்துப் பத்து நொடி என்று நினைத்து விட்டது, மொத்தத்தில் அரைமணி நேரத்துக்கு மேல்.

வீட்டுக்குப் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குக்கரை ஏற்றினாள். போனை மசாலா டப்பாவில் சாய்த்து, தான் விட்ட இடங்களுக்குப் படத்தை ஓட்டி வைத்தாள். இந்த முறை விரலைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். தலை தாழத் தாழ, நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தாள்.

கட்டில் காட்சி அசிங்கம்தான். ஆனாலும் ஆடு கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப்பார்ப்பதும், மாப்பிள்ளை அதை மாமனார் என்று எண்ணிக் கும்பிடுவதும் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மருந்துக்கடையில் தோஸ்துகள் வாங்கப்போனது எதுவென்று பெரியவர்களுக்குப் புரியும், பிள்ளைகளுக்குப் புரியாது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று கூட ஒரு கணம் தோன்றியது. குக்கர் ஒரு விசில் விட்டது.

அப்புறம் கிணற்றடி வந்தது. தட்டியால் மறைத்த குளியலிடம். உள்ளே கல்யாணப் பெண்ணின் தங்கை. பள்ளிக்கூடச் சட்டை தட்டியின் மேல் கிடக்கிறது. நாலு தோஸ்துகளும் சுவரேறிப் போனை நீட்டுகிறார்கள். ஆடு தட்டியை இழுத்துவிடுகிறது. பெண் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், கையால் மூடிக்கொள்கிறாள், அழுகிறாள். பின்னால் கொட்டு முழங்குகிறது. ஊரே சிரிக்கிறது. அடுத்த காட்சியில் அந்தப் படம் போன் போனாகப் போகிறது, டீக்கடையில் கிழவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள். நல்லவராக வந்த அந்த ஆட்டுக்காரக் கிழவரும்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகு படத்தில் வரவே இல்லை.

தில்ஷாத் போனைக் கவிழ்த்துவைத்தாள். கட்டில் அவளைப் பயமுறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு பயமுறுத்தியது. நாளை கேன்டீனில் அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்து அந்த இடத்தில் சிரிக்கும். ஆபா சரி என்று சொன்ன சிரிப்பு.

சமீருல்லாவைக் கூப்பிட்டாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க ஆபா. வேலூர்ல ட்ராஃபிக்ல மாட்டிட்டேன். ப்ரொஜக்டர் எடுத்துட்டு வர்றேன்."

"சார், அந்தப் படம்..."

"ஆமா, அதேதான். பென்டிரைவ்ல ஏத்தியாச்சு."

"இல்ல சார். அதுல ஒரு எடம் ஒரு மாதிரியா இருக்குது."

"எந்த மாதிரி?"

அவள் வாய் திறந்தது. அதே நேரம் சமையலறைக் கதவும் திறந்தது. அப்பா தண்ணீர்ச் சொம்போடு நின்றார். "யார் பேட்டா போன்ல?" என்று கேட்டுவிட்டு, இருமினார். அது வெறும் நெஞ்சு இருமல். ஆனால் தில்ஷாத்தின் தலை தாழ்ந்துவிட்டது.

"ஒன்னுமில்ல சார். காலைல பேசறேன்."

அன்று அவள் சாப்பிடவில்லை. கேட்டில் நின்று சத்தம் போட்ட அந்தத் தாயின் குரல் நினைவுக்கு வந்தது. அதை அவள் கேட்டதே இல்லை, யாரோ சொன்னதுதான். இருந்தும் எழிலரசியின் குரலில் அது கேட்டது.

ஞாயிறு காலை கேன்டீன் பின்புறம் பிரியாணி தம்மில் இருந்தது. பிள்ளைகள் பெருநாள் உடுப்பில் வந்திருந்தன. தில்ஷாத் மெஹக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சமீருல்லாவைத் தேடினாள். அவன் மாலை, பரிசு, மேனேஜர் என்று பறந்துகொண்டிருந்தான்.

"சார், அந்தப் படம் வேணாம் சார்."

"இன்னா ஆபா இது, இப்ப வந்து? நீங்கதான் நல்ல படம்னீங்க."

"நான் சரியா பாக்கல."

"அப்டி இன்னா இருக்குது அதுல? ஏதாவது முத்தம் கித்தமா? அது எல்லாப் படத்துலயும்தான்." மேனேஜரின் கார் உள்ளே திரும்பியது. "ஒன்னு பண்ணுங்க. தன்சீல் கூட உக்காருங்க. அப்டி வந்தா கை காட்டுங்க. அவன் ஓட்டி விட்டுடுவான்." போய்விட்டான்.

தன்சீல் அகமது கம்பெனி எலக்ட்ரீஷியன். மேசைமேல் லேப்டாப்பையும் ப்ரொஜக்டரையும் இணைத்துப் படத்தை ஓடவிட்டான். தில்ஷாத் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒருவழியாக மூச்சு வந்தது. அரைமணி நேரம் போனதும் பிரியாணி வாசனை உள்ளே வந்தது. தன்சீல் எழுந்தான்.

"ஆபா, தம் ஒடைக்கறாங்க போல. ஒரு நிமிஷம் பாத்துட்டு வர்றேன்."

"போவாதீங்க தம்பி."

"இதோ வந்துட்டேன் ஆபா," என்றான், கதவுக்கு வெளியிலிருந்து.

கட்டில் காட்சி வந்தது. கேன்டீனில் சிரிப்பு வெடித்தது. தாய்மார் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிலர் நெளிந்தார்கள். தில்ஷாத் லேப்டாப்பில் கைவைத்து எதையோ அழுத்தினாள். சத்தம் இரண்டு மடங்காயிற்று. கையை எடுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொண்டை தானாகச் செய்தது. இருமினாள்.

அத்தனை பிள்ளைகளின் நடுவில் ஒரே ஒரு தலை தாழ்ந்தது. அது மெஹக்குடையது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, தன் மகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது இருமலுக்குக் காத்திருந்தாள். அந்தச் சின்னப் பிடரியைப் பார்த்தபோது தில்ஷாத்துக்கு அழுகை வந்தது. திரையில் மணிச் சத்தம் கேட்டது. மருந்துக்கடையையும் தாண்டி ஆடு கிணற்றடிக்கு வந்துவிட்டது.

தட்டி தெரிந்தது. சட்டை தெரிந்தது. சுவரில் நாலு தலை முளைத்தது, ஆடு தட்டியை இழுத்தது, பெண் அழுதாள், கொட்டு முழங்கியது. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கின. முன்வரிசையில் பரணிதரன் எழுந்து நின்றான். ஒரு கையைப் போன்போல மடக்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்பிள்ளையின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எப்போது எழுந்தாள் என்று தில்ஷாத்துக்குத் தெரியாது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து ப்ரொஜக்டரின் முன்னால் நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் முழுதாக விழுந்து கண் கூசியது. பின்னால் திரையில் கிணறும் தட்டியும் மறைந்து, முக்காடிட்ட ஒரு பெரிய கரிய நிழல் நின்றது.

"யாரு அது, மறைக்குது?"

"ஆபா, உக்காருங்க ஆபா. படம் தெரியல."

"மயக்கம் கியக்கமா? யாராவது புடிங்க."

கொட்டு முழங்கிக்கொண்டே இருந்தது. தில்ஷாத் நகரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது புள்ளைங்களுக்கு வேணாம்," என்றாள். அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

எழிலரசி எழுந்து வந்தாள். "இன்னா ஆபா, நீங்கதான பாத்துட்டு சரின்னீங்க?"

"பாக்கல."

"பாக்கலியா?"

"பாத்தேன். கண்ண தாழ்த்திக்கிட்டு பாத்தேன்."

யாரோ சிரித்தார்கள். எழிலரசி சிரிக்கவில்லை. "அப்டி இன்னாதான் வருது அதுல?"

வாசலில் சமீருல்லாவும் தன்சீலும் வந்து நின்றிருந்தார்கள். கூட மேனேஜர். ஆண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தில்ஷாத் தலையைத் தாழ்த்தப் பார்த்தாள். ப்ரொஜக்டர் வெளிச்சத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருந்தது.

"ஒரு பொண்ணு குளிக்கறத போன்ல எடுக்கறானுங்க," என்றாள். "பள்ளிக்கூடத்துப் பொண்ணு. அது அழுவுது. அத ஊரெல்லாம் அனுப்பறானுங்க. அதப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்க. இப்ப நம்ம புள்ளைங்களும் சிரிச்சுதுங்க. உன் புள்ள எழுந்து நின்னு எடுத்து காட்டறான்."

எழிலரசி திரும்பி மகனைப் பார்த்தாள். பரணிதரனின் கை இன்னும் பாதி மடங்கியே இருந்தது. மெதுவாக இறக்கிக்கொண்டான். கேன்டீனில் தையல் லைன் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பூங்குழலியின் பெயரை யாரும் எடுக்கவும் இல்லை.

"தன்சீலு," என்றாள் எழிலரசி, குரலை உயர்த்தாமல். "நிறுத்து அத."

கொட்டுச் சத்தம் பாதியில் நின்றது.

அன்று பிரியாணி எல்லோரும் சாப்பிட்டார்கள். பரிசு கொடுத்தார்கள். ஆனால் தில்ஷாத்தின் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. கை கழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா என்றாள் ஒருத்தி. இவங்கள நம்பித்தான விட்டுட்டு போறோம் என்றாள் மற்றவள். எழிலரசி பரணிதரனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்காமல். அது வழக்கமான நடை அல்ல.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் மெஹக் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"அம்மி, நீங்க நேத்து ரெண்டாவது தடவ இருமவே இல்ல."

"ஆமா."

"நானா நிமிந்து பாத்துட்டேன். தப்பா?"

தில்ஷாத் அவள் பக்கம் திரும்பினாள். "தப்பில்ல," என்றாள்.

காப்பகத்தில் தன்சீல் ஸ்டூல்மேல் ஏறி டிவியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். சமீருல்லா கீழே நின்றான். முகம் வாடியிருந்தது. மேனேஜர் அவனைத்தான் காய்ச்சியிருக்க வேண்டும்.

"ஆபா, ரெண்டு பேர் வந்து கேட்டுட்டாங்க. ஒருத்தர் ஏன் படத்த போட்டீங்கன்னு, ஒருத்தர் ஏன் நிறுத்துனீங்கன்னு. பேஜாரே வேணாம். டிவியே எடுத்துடறோம். நீங்க புள்ளைங்கள மட்டும் பாத்துக்கோங்க."

வேலை போகவில்லை. அவள் ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டது அதுதான். சரி சார் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் டிவி இல்லாத சுவரில் ஒரு வெளுத்த சதுரம் தெரியத் தொடங்கியது. தினமும் அது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். தவிர, டிவி போனாலும் வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது.

"இருக்கட்டும் சார்," என்றாள். "நான் பாத்து போடறேன்."

"மறுபடியுமா?"

"முழுசா பாத்து."

சமீருல்லா தன்சீலைப் பார்த்தான். தன்சீல் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு இருவரையும் பார்த்தான். "முடிவு சொல்லுங்க சார், கை வலிக்குது," என்றான் பல்லிடுக்கில்.

"மாட்டு," என்று சொல்லிவிட்டு சமீருல்லா போனான்.

முதல் சைரன் ஊதியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். சில தாய்மார் எப்போதும்போல விட்டுவிட்டுப் போனார்கள், சிலர் வாசலில் சற்று நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பிள்ளைகள் வரவே இல்லை. பரணிதரனையும் காணவில்லை. இரண்டாம் சைரனும் ஊதிவிட்டது. தில்ஷாத் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கதவைப் பார்த்தபடி இருந்தாள். இனி வரமாட்டாள் என்று மனம் சொல்லிற்று. வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

எழிலரசி வேர்த்து வழிய வந்தாள். மகனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். அவனை ஆபாவின் முன்னால் நிறுத்தினாள்.

"எனக்கு உங்க மேல கோவம்தான் ஆபா. சனிக்கிழமையே சொல்லியிருந்தா இவன் அதப் பாத்துருக்கவே மாட்டான்."

"ஆமா," என்றாள் தில்ஷாத்.

"நேத்து ஊட்டுக்கு போயி அடிச்சேன். ஏன் அடிக்கறன்னு கேக்கறான். எனக்கு சொல்லத் தெரியல. இவன் சித்தி அந்தப் பக்கம் ரூம்ல உக்காந்துட்டு இருக்கா, அவ காதுல உழற மாதிரி நான் இன்னான்னு சொல்றது? நீங்க சொல்லுங்க. நீங்கதான அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க."

பதிலுக்கு நிற்காமல் லைனை நோக்கி ஓடினாள். நேரமாகிவிட்டது. வழியில் திரும்பிப் பார்க்கவில்லை.

பரணிதரன் கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "நான் சும்மாதான் பண்ணேன் ஆபா. சிரிப்பா இருந்துச்சு," என்றான்.

மெஹக் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். தலை தாழவில்லை. தில்ஷாத்துக்குத் தொண்டையில் அந்தப் பழைய அரிப்பு ஏறிவந்தது. எச்சிலை விழுங்கினாள். தோளில் இருந்த குழந்தையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, பரணிதரனின் முகம் நேராகத் தெரியும்படி தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சு, பாத்தியா?" என்றாள்.

"எப்போ?" என்று கேட்டான் அவன்.

சிரித்துக்கொண்டிருந்ததில் அவன் அதைப் பார்க்கவே இல்லை. தில்ஷாத் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.